ஓடைக்கு வழி விட்டுக் கட்டுங்கள்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்தாய். குஜராத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை சேலத்தில் ரயில் ஏறுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாய். நான் சோறு போட்டேன். தலை நிமிராமல் சாப்பிட்டாய். "இன்னும் கொஞ்சம் ரசம்" என்று கேட்டாய். இத்தனை காலத்தில் நீ என்னிடம் நேரில் பேசியது அது ஒன்றுதான். வண்டியில் ஏறும்போது அப்பாவிடம் "வரன்ப்பா" என்றாய், நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தாய். கோபம் இருக்கட்டும், உனக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் பதில் சொல்ல எனக்கும் உரிமை உண்டு. அன்று கூட்டத்தில் நான் பேசியது ஊர் முன்னால். அதனால் உனக்குச் சொல்லும் பதிலும் எல்லோரும் படிக்கும்படியே இருக்கட்டும் என்று இப்படி எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் மன்னிப்பு இருக்கும் என்று தேடாதே.

என்னைத் தொழிற்சாலைக்கு எதிரி என்று சில பேர் உன்னிடம் சொல்லியிருப்பார்கள். நீயும் நம்பியிருப்பாய். நீ கைக்குழந்தையாக இருந்தபோது மழை பொய்த்தது. கிணறு வற்றியது, கேழ்வரகு முளையிலேயே கருகியது. கடத்தூரில் பஸ் ஏறி, தருமபுரியில் மாறி, நம் தெருவில் பாதிப் பேர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனோம். அப்பா கம்பி கட்டினார், நான் சித்தாள். நீ தகரக் கொட்டகைக்குள் தூளியில் கிடந்தாய். நீ அழுதால் நான் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி வர வேண்டும், மேஸ்திரி கன்னடத்தில் திட்டுவார். நான் ஏறி இறங்கிய அந்தக் கட்டடம் கண்ணாடி போட்டு நிமிர்ந்து நின்றபோது, நம் கொட்டகையைப் பிரித்து லாரியில் ஏற்றி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோனார்கள். எனவே என்னிடம் வந்து யாராவது "மண் நம் தாய், அதைத் தொடாதே" என்று மேடை போட்டுப் பேசினால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அந்தத் தாய்தான் என்னைப் பிள்ளையோடு பெங்களூருக்கு அனுப்பினாள். நம் ஊரிலேயே ஒரு கம்பெனி இருந்திருந்தால் நீ தகரத்துக்குக் கீழே வெந்திருக்க மாட்டாய் என்று நினைக்காத நாள் எனக்கு இல்லை.

நம் மாவட்டத்தின் நிலைமை உனக்கே தெரியும். வடக்கே ஓசூர், தெற்கே சேலம், மேற்கே போனால் திருப்பூர், எல்லையைத் தாண்டினால் பெங்களூர். சுற்றிலும் எல்லா இடத்திலும் சங்கு ஊதுகிறது, எந்திரம் ஓடுகிறது. நடுவில் நாம் ஆள் அனுப்புகிறோம். தொப்பூர் கணவாயில் மூச்சு வாங்க ஏறி இறங்கும் லாரிகள் எல்லாம் நம்மைக் கடந்துதான் போகின்றன. நம்மிடம் நின்றால் ஒரு டீக்கு நிற்கும், இல்லையென்றால் கவிழ்ந்தால் நிற்கும். பின்தங்கிய மாவட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லித்தான் இங்கே கம்பெனி வைக்க வருகிறவர்களுக்கு நிலத்தில் சலுகை, மின்சாரத்தில் சலுகை, வரியில் சலுகை. சலுகை வருகிறவனுக்கு, பெயர் மட்டும் நமக்கு. பக்கத்து வீட்டு மாதம்மாவின் மகள் சுதா விடியும் முன்னே கம்பெனி பஸ் ஏறி ஓசூர் போய், இருட்டிய பிறகு வந்து இறங்குவாள். பஸ்ஸிலேயே தலை சீவி, பஸ்ஸிலேயே தூங்கி, பஸ்ஸிலேயே வயது போய்க்கொண்டிருந்தது அந்தப் பெண்ணுக்கு. "எம் மவளப் பகல்ல பாத்து எத்தன நாளாச்சு தெரியுமாக்கா" என்று மாதம்மா சொல்வாள்.

அப்படி இருக்கும்போது நம் ஊர் எல்லையிலேயே தொழிற்பேட்டை வரப்போகிறது என்று அறிவித்தார்கள். எனக்குச் சந்தோஷம்தான், கண்ணு. யாருக்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன். ஆனால் ஊர் உடனே இரண்டாகப் பிளந்தது. இளவட்டங்கள் எல்லாம், படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த மாதேஷ் பின்னால் நின்றார்கள், வந்தே ஆகணும் என்றார்கள். நிலம் போகிறவர்கள் கருப்புக்கொடி கட்டினார்கள், வரவே கூடாது என்றார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நிற்க முடியவில்லை. சித்தேரி மலைப் பக்கமிருந்து இறங்கும் ஓடை தொழிற்பேட்டைக்குக் குறித்த புறம்போக்கு வழியாகத்தான் நம் ஏரிக்கு வருகிறது. வரைபடத்தைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டியிருந்தார்கள். ஓடையும் அதில் இருந்தது, அதன் மேலேயே கட்டடமும் இருந்தது. கேட்டால், அடியில் குழாய் போட்டுத் தண்ணீரை விட்டுவிடுவோம் என்றார்கள். ஐப்பசியில் அந்த ஓடை வரும் வேகத்தைப் பார்த்த யாரும் அதைக் குழாயில் அடைக்க நினைக்க மாட்டார்கள். குழாய் அடைத்துக்கொண்டால் கம்பெனிக்குள் வெள்ளம், அடைக்காவிட்டாலும் ஏரிக்குப் பாதித் தண்ணீர். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் ஆதரிக்கிறவர்கள் இதைச் சொன்னால் கம்பெனி போய்விடும் என்று பயந்தார்கள். எதிர்க்கிறவர்களோ, இதைச் சரி செய்துவிட்டால் எதிர்க்கக் காரணம் இருக்காதே என்று பேசாமல் இருந்தார்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முதல் நாள் நீ ஓசூரிலிருந்து போன் செய்தாய். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார், நான் தக்காளி பறித்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

"அம்மா, நாளைக்குக் கூட்டத்துக்குப் போறியா?"

"போகாம?"

"போ. ஆனா எதுவும் பேசிராத. எங்க கம்பெனியும் அங்க எடம் கேட்டிருக்கு. எங்க சாருங்க ரெண்டு பேரு நாளைக்கு வராங்க. யூனிட் வந்துட்டா, ஆள் எடுக்கற பொறுப்ப என்கிட்டத்தான் குடுக்கப் போறாங்க. நம்ம ஊருக்கே வந்துருவன்மா. தெனமும் வூட்டுச் சோறு."

நீ மறுபடியும் "தெனமும் வூட்டுச் சோறும்மா" என்றாய். தக்காளிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். நான் பேசினால் எதை இழப்பேன் என்று தெரியாமல் பேசியதாக நினைக்காதே. படிக்கப் போன நாளிலிருந்து விருந்தாளி மாதிரி வந்து போகிற பிள்ளை, தினமும் சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றுவான் என்றால் எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? அந்த ஆசையோடுதான் கூட்டத்துக்குப் போனேன். பேசாமல் திரும்பிவிடலாம் என்றும் ஒரு மனம் இருந்தது.

பந்தலில் ஒரு பக்கம் மாதேஷ் ஆட்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், மறுபக்கம் கருப்புக்கொடி. அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஒவ்வொருவராகப் போய்ப் பேசினார்கள். ஆதரவு, எதிர்ப்பு, ஆதரவு, எதிர்ப்பு என்று ஒருவர் குறித்துக்கொண்டே வந்தார். யாரும் ஓடையைச் சொல்லவில்லை. முடியப்போகிறது என்று தெரிந்ததும் என் கால் தானாக எழுந்தது. மைக்கைக் கையில் வாங்கி, ஓடைக்கு வழி விட்டுக் கட்டுங்கள் என்று சொன்னேன். சுவரைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் கம்பெனியும் நிற்கும், ஏரியும் நிற்கும் என்றேன். மேடையில் இருந்த அதிகாரி பொறுமையானவர்தான். "அம்மா, நீங்க திட்டத்த ஆதரிக்கிறீங்களா, எதிர்க்கிறீங்களா? அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

"ரெண்டும் இல்லீங்க. கேக்க வந்திருக்கறன்."

"ரெண்டுல ஒண்ணுதாம்மா குறிக்க முடியும்."

"அப்ப மூணாவதா ஒண்ணு குறிச்சுக்குங்க. நிபந்தனைன்னு."

பந்தலில் சிரிப்பு எழுந்தது. அது கேலிச் சிரிப்பு இல்லை. அந்தத் தைரியத்தில் அடுத்ததையும் கேட்டேன். உள்ளூர் ஆட்களுக்கு வேலை என்கிறீர்களே, கம்பெனி நேராக எடுக்குமா, காண்ட்ராக்டர் வழியாகவா? அதற்கு அவர், "அது கம்பெனியோட உள் விவகாரம், அரசாங்கம் தலையிட முடியாது" என்றார்.

"சலுக குடுக்கறப்பத் தலையிடறீங்கல்லங்க? குடுக்கறப்பவே சொல்லிக் குடுங்க."

அவர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். பக்கத்தில் சட்டையைப் பேண்டுக்குள் விட்டிருந்த இரண்டு பேர் தங்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். உன் சாருங்க அவர்கள்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேனா என்று பல முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். நிறுத்தியிருக்க மாட்டேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் உன்னைப் பற்றிச் சொன்னேன்.

ஓசூரில் நீ ஐ.டி.ஐ. முடித்துச் சேர்ந்த புதிதில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தாய். காய்ச்சலோடு ஷிப்டுக்குப் போய், எந்திரத்துக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தாய். உன்னைத் தூக்குவதற்கு முன்னால் "இவன் யாரோட ஆளு?" என்று கேட்டார்கள். அந்த வாரம்தான் உன்னை ஒரு காண்ட்ராக்டரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றியிருந்தார்கள். என் ஆள் இல்லை என்று இவர் சொல்ல, எனக்கு இன்னும் வரவில்லை என்று அவர் சொல்ல, நீ தரையிலேயே கிடந்தாய். கண் திறந்திருந்தது, எல்லாம் கேட்டது, எழ முடியவில்லை என்றாய். கடைசியில் கேண்டீனில் தட்டுக் கழுவும் அக்கா ஒருத்திதான் வந்து தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்தாள். விழுந்த அன்று மத்தியானம் போனில் இதை நீ என்னிடம் சொல்லி அழுதாய். அதை நான் அன்று பந்தலில் அப்படியே சொன்னேன். "அது எம் பையன். இங்க வர்ற கம்பெனியில வுழற பையன் யாரோட ஆளுன்னு இப்பவே சொல்லிட்டுக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்தேன். மாதேஷ் பக்கமும் கைதட்டினார்கள், கருப்புக்கொடிப் பக்கமும் கைதட்டினார்கள். அப்பா மட்டும் கைதட்டவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது, "நல்லாத்தான் பேசுன. ஆனா பையன இழுத்திருக்க வேணாம்" என்றார்.

யாரோ செல்போனில் எடுத்து அனுப்ப, அது ஓசூர் வரைக்கும் போய்விட்டது. நீ போன் செய்தாய். "என் மானத்த வாங்கிட்டம்மா. தரையில கெடந்தவன்னு இப்ப எங்கிட்ட வேல பாக்கறவன் எல்லாம் பாக்கறான்" என்றாய். நான் பேசுவதற்குள் வைத்துவிட்டாய். அன்று சொல்ல முடியாததை இப்போது சொல்கிறேன். நீ தரையில் கிடந்ததில் உனக்கு என்ன வெட்கம், கண்ணு? காய்ச்சலில் விழுகிற உடம்பு யாருக்கும் உண்டு. வெட்கப்பட வேண்டியவர்கள் உன்னைச் சுற்றி நின்று ஆள் கணக்கு பேசியவர்கள். அவர்கள் யாரும் அதற்காக வேலையை விடவில்லை, ஊரை விடவில்லை, அம்மாவிடம் பேசாமல் இருக்கவில்லை. நீ மட்டும் ஏன் அதைச் சுமக்கிறாய்? உன் அனுமதி கேட்காமல் சொன்னேன் என்கிறாய். உண்மைதான், கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், நானும் உன் பேச்சைத் தட்ட முடியாமல் வாயை மூடிக்கொண்டிருப்பேன். நீ படிப்படியாக உயர்ந்து மனிதவளப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறாய். ஒவ்வொரு மாதமும் ஆட்களை ஒரு காண்ட்ராக்டரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றும் உத்தரவு இப்போது உன் மேசைக்குத்தான் வருகிறது. உனக்கு என் மேல் வந்த கோபத்தில் அதுவும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இல்லை என்றால் இல்லை என்று சொல், ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். உன் கம்பெனி இங்கே வரவில்லை, குஜராத்தில் இடம் எடுத்தது. அங்கே அதிகச் சலுகை கொடுத்தார்கள் என்று நீயே அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். நாட்டில் ஒவ்வொரு மாநிலமும் நான் இன்னும் குறைத்துத் தருகிறேன் என்று காய்கறிக் கடை மாதிரி கூவிக்கொண்டிருந்தால், வாங்க வந்தவன் அடுத்த கடைக்குப் போகத்தான் செய்வான். ஆனால் ஊரில் பழி என் மேல்தான் விழுந்தது. கடைவீதியில் எல்லோர் முன்னாலும் மாதேஷ் என்னை நிறுத்தினான். பந்தலில் கைதட்டிய அதே ஆள்தான்.

"உங்க வாய்தாங்க கம்பெனிய வெரட்டிருச்சு. இப்ப சந்தோசமாங்க?"

"ஒரு பொம்பள கேட்ட கேள்விக்கே ஓடிப் போற கம்பெனி, நம்மூரு கோடைக்கு நின்னிருக்குமா மாதேசு?"

சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்துதான் வந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், அதையும் மறைக்கவில்லை. அந்தப் பையன் படித்தவன், வேலை இல்லாதவன், அவன் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அடுத்த வாரமே அவன் திருப்பூருக்குப் பை தூக்கிக்கொண்டு போனான். மாதம்மாவும் சில நாள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. நீ வந்திருக்க வேண்டிய சாயங்காலங்களில் நான் வாசலைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஆனால் தொழிற்பேட்டை நிற்கவில்லை. திருத்திய வரைபடம் ஒன்றை ஒட்டினார்கள். அதில் சுவர் தள்ளியிருந்தது. ஓடை திறந்த ஓடையாகவே இருந்தது, இரண்டு கரையிலும் இடம் விட்டிருந்தார்கள். கருப்புக்கொடி கட்டியவர்களில் பாதிப் பேர் கொடியை அவிழ்த்தார்கள். மீதிப் பேர் இன்னும் நிலத்துக்கு நியாயம் கேட்கிறார்கள், அவர்கள் கேட்பதும் சரி, நானும் கூடப் போகிறேன். முதலில் வந்தது ஒரு செருப்புக் கம்பெனி. உன் கம்பெனி அளவுக்குப் பெரியது இல்லை. ஆனால் தையல் பிரிவுக்குப் பெண்களைக் கம்பெனியே நேராக எடுத்தது. எடுக்க வந்தவர்களிடம் மாதம்மாதான் முதல் ஆளாகப் போய், "நேரா எடுக்கறீங்களா, காண்ட்ராக்டாங்க? அதச் சொல்லுங்க மொதல்ல" என்று கேட்டிருக்கிறாள். சுதா இப்போது ஸ்கூட்டியில் போய் வருகிறாள். ஒரு நாள் மத்தியான வெயிலில், வார விடுமுறையில், தாயும் மகளும் வாசலில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நின்று பார்த்தேன். "என்னாக்கா பாக்கற, பகல்ல இவ மூஞ்சியப் பாத்தாத்தான் தெரியுது எவ்ளோ வாயின்னு" என்றாள் மாதம்மா.

எல்லாம் கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கம்பெனியிலேயே சுமை தூக்குவதும் காவலும் கூட்டுவதும் இன்னும் காண்ட்ராக்ட்தான். மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஷிப்டு நேரத்துக்கு பஸ் இல்லை. மின்சாரம் கம்பெனிக்கு நிற்பதில்லை, நம் மோட்டாருக்கு மட்டும் நிற்கிறது. அடுத்த கட்ட விரிவாக்கத்துக்கு மறுபடி கூட்டம் போடுகிறார்கள். நான் போவேன். பேசுவேன். இந்த முறை மாதம்மாவும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். வளர்ச்சி வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் வாயடைத்துப்போகிற காலம் முடிந்துவிட்டது. வேண்டும்தான், ஆனால் எப்படி வேண்டும் என்பதை நாங்கள்தான் சொல்வோம். பின்தங்கியவர்கள் என்று பெயர் வைத்தவர்கள், பின்னால் நின்று கை நீட்டுவோம் என்று எதிர்பார்த்திருந்தால் அது அவர்கள் தப்பு.

உன்னைப் போகாதே என்று சொல்லவில்லை. போ. நல்ல வேலை, நீ உழைத்து வாங்கியது. அங்கே ரொட்டிதான் கிடைக்கும், கேழ்வரகு மாவு கட்டி வைத்திருக்கிறேன், அப்பா ஸ்டேஷனுக்குக் கொண்டு வருவார். நான் வரவா வேண்டாமா என்று நீதான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் வருவேன், தூரத்தில் நின்றுகொள்கிறேன்.

ஒன்று மட்டும், கண்ணு. அங்கேயும் ஒரு ஊர் இருக்கும், அந்த ஊருக்கும் ஒரு தண்ணீர் வழி இருக்கும், அங்கேயும் பந்தல் போட்டுக் கூட்டம் நடத்துவார்கள். நீ மேடைப் பக்கம் உட்கார்ந்திருப்பாய். எல்லோரும் பேசி முடித்துக் கிளம்பும் நேரத்தில் ஒரு பொம்பளை எழுந்து வருவாள். அவள் பேசுவது உனக்குப் புரியாத மொழியாக இருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தாலும் நீ சிரிக்காதே. அவள் என்ன சொன்னாள் என்று யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்.

அம்மா